பூட்டியிருந்தது கதவு அன்று

அத்தியாயம் ஒன்பது

ஊருக்குத் தெரிந்த அவளுடைய பெயர் தோண்டி.

ஒரு செய்தியைக் கையில் எடுத்தால் அடியைக் காணும்வரை தோண்டாமல் ஓயமாட்டாள் என்பதனால், நாளிதழ் அலுவலகத்தில் எவரோ விளையாட்டாகச் சூட்டிய பெயர் அது. “தோண்டின்னா தண்ணி இறைக்கிற பாத்திரம்கூடத்தான்” என்று கேலி செய்தவரிடம், “ரெண்டுக்கும் ஒரே வேலைதானே சார்? அடியில கிடக்கிறதை மேல கொண்டுவர்றது” என்றாள். கேலி அத்துடன் போயிற்று, பெயர் நிலைத்துவிட்டது.

பள்ளிப் பேருந்துகளின் தேய்ந்த சக்கரங்களில் கத்தியால் புதிய வரிகளைக் கீறி ஓட்டியவர்களைப் பற்றி அவள் எழுதினாள். காலாவதியான மருந்துப் புட்டிகளில் புதிய தேதி ஒட்டியவர்களைப் பற்றி எழுதினாள். சொந்த மாமனார் பணியாற்றிய கடையில் எடைக்கற்கள் குறைந்திருந்ததையும் எழுதினாள். அதன்பின் அந்த மாமனார் கண்ணை மூடும்வரை அவளிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. “வீட்டு ஆளுன்னு விட்டுட்டா, வெளி ஆளைப் பத்தி எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?” என்பது அவள் கட்சி.

சென்ற மாதம் ஊரின் ஓரத்தில் இருந்த தையற்கூடம் எரிந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வாசற்புறம் தீப்பிடித்துக்கொள்ள, பின்சுவரில் இருந்த அவசர வழியை நோக்கி ஓடிய பெண்களுள் ஏழு பேர் அங்கேயே புகையில் மூச்சுத் திணறி மாண்டார்கள். அந்த அவசர வழியைப் பற்றித் தோண்டி எழுதிய கட்டுரையின் முதற்பகுதி ஞாயிற்றுக்கிழமை வெளியாயிற்று. பெயர்ப்பலகை எழுதும் அவளுடைய தம்பி, தீ விபத்துக்குப் பிறகு அக்காள் வீட்டு வாசலை மிதிக்காததும் கைப்பேசியை எடுக்காததும் அவளுக்குத் தனிக்கவலையாக இருந்தன.

ஞாயிறு முழுவதும் அவள் வெளியூரில் அலைந்துவிட்டுத் திரும்பியிருந்தாள். திங்கட்கிழமை காலை கண்விழித்தபோது கணவர் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அதே நாளிதழின் மெய்ப்பாளர் அவர். எழுத்துப்பிழைகளோடு காலமெல்லாம் மல்லுக்கட்டி முகம் சுருங்கிப்போன அம்மனிதர், அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாகச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, லாட்டரி கிட்டரி விழுந்துடுச்சா?”

“அதுக்கும் மேல. ஆபீசுக்கு வா, சொல்றேன்” என்று குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் தெருமுனை திரும்பியிருப்பார். வாசற்கதவை யாரோ இடித்தார்கள். தட்டவில்லை, இடித்தார்கள்.

வெளியே ஒரு பெண் நின்றாள். தலை வாரியிருக்கவில்லை. கையில் ஞாயிற்றுக்கிழமை நாளிதழ் சுருட்டப்பட்டிருந்தது.

“தோண்டியம்மா நீங்கதானா?”

“ஆமாம்மா. நீங்க?”

“தையல் கம்பெனி வாட்ச்மேன் பொண்டாட்டி. என் வீட்டுக்காரரு உங்களை நம்பி ஒண்ணு விடாம சொன்னாரே, அதுக்கு நல்லா மரியாதை செஞ்சுட்டீங்க!”

“என்ன சொல்றீங்க? உள்ள வாங்க.”

“உள்ள வர்றதுக்கு நான் விருந்துக்கா வந்தேன்? அவரு உள்ள போயிட்டாரு. விடிஞ்சும் விடியாம வந்து இழுத்துட்டுப் போயிட்டாங்க.”

“யாரு?”

“போலீசுதான். வேற யாரு, மாமன் மச்சானா?”

தோண்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எதுக்காக?”

“எதுக்கா? அந்தக் கதவை அவருதான் பூட்டினாராம். அவரு பூட்டினதாலதான் ஏழு பேரு செத்தாங்களாம். உங்க பேப்பரை விரிச்சு, தெருவே கேக்கிற மாதிரி இன்ஸ்பெக்டர் படிச்சாரு. இவரு பையில சாவி வேற இருந்துச்சா, போச்சு!”

“ஐயோ, நான் எழுதினது அதுக்கு நேர் எதிர்மா! அங்க கதவே கிடையாது. வெறும் சுவர். சுவத்துல கதவு மாதிரி வரைஞ்சு, நிஜக் கைப்பிடியும் நிஜப் பூட்டும் மாட்டி வெச்சிருந்தாங்க. பார்க்க வர்ற அதிகாரி இழுத்துப் பார்த்துடக் கூடாதுன்னுதான் பூட்டு. ‘சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு’ன்னு சொல்றதுக்குத்தான் சாவி. உங்க வீட்டுக்காரரே என்னைக் கூட்டிட்டுப் போய்த் தட்டிக் காட்டினார்.”

“அது எனக்குத் தெரியும். அவரு என்கிட்டயும் சொல்லியிருக்காரு. இதுல எங்க எழுதியிருக்கீங்க? காட்டுங்க.”

அச்சேறிய தன் எழுத்தைத் தோண்டி திரும்பப் படிப்பதில்லை. அச்சானபின் அது ஊருக்குச் சொந்தம் என்பாள். அன்று முதன்முறையாக அந்த விதியை மீறித் தன் கட்டுரையைத் தானே படித்தாள். கடைசி வரிக்கு வந்தாள்.

அவள் எழுதி அனுப்பிய வரி: பூட்டியிருந்தது கதவு அல்ல.

அச்சில் இருந்த வரி: பூட்டியிருந்தது கதவு அன்று.

ஒரு பகுதியை அடியோடு சொல்லி முடிக்காமல், வாசகர் நெஞ்சில் முள்ளாகத் தைக்கும் ஒரு வரியில் நிறுத்துவது அவள் வழக்கம். “அது சுவர்” என்பதை அடுத்த பகுதியின் முதல் வரிக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள்.

“‘அன்று’ன்னா அந்த நாளுன்னுதானே அர்த்தம்? கதவு பூட்டியிருந்துச்சு அன்னிக்கி. அவ்வளவு தமிழ் எனக்கும் தெரியும்” என்றாள் அந்தப் பெண். “என் பேரு வராதேன்னு அவரு கேட்டப்போ, வராதுன்னு சத்தியம் பண்ணீங்களாமே. நிஜம்தான், பேரு வரல. ஆளைத்தான் கூட்டிட்டுப் போயிட்டாங்க.”

தோண்டி அந்த வரியை மறுபடி ஒருமுறை படித்தாள்.

“நாளைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டுபோறாங்க. அதுக்குள்ள அழிச்சு எழுதுங்க. இல்லேன்னா அந்த ஏழு பேரோட எட்டாவதா இவரையும் சேர்த்து எழுதிக்கோங்க” என்று சொல்லி, நாளிதழை அவள் காலடியில் போட்டுவிட்டு அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

*

ஒரு சொல் தானாக மாறாது. மாற்றியவன் எவனோ இருக்கிறான். அவனுக்குப் பின்னால் கைநீட்டி வாங்கிய கை ஒன்று இருக்கிறது. காலமெல்லாம் அப்படியே எண்ணிப் பழகிய மனம் அவளுடையது. அலுவலகப் படிகளை ஏறும்போதே அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு வாங்கினீங்க சார்?”

“உட்காருங்கம்மா.”

“நான் உட்கார வரல. என் கடைசி வரியில கை வெச்சது யாரு? கம்பெனிக்காரன் எவ்வளவு கொடுத்தான்?”

ஆசிரியரின் கை அப்படியே நின்றது. எத்தனையோ பேர் அவரை எத்தனையோ விதமாக ஏசியிருக்கிறார்கள். தோண்டியின் வாயிலிருந்து அந்தக் கேள்வி வரும் என்று அவர் கனவிலும் எண்ணியதில்லை.

“சனிக்கிழமை நான் ஊர்லயே இல்ல. மகளைப் பார்க்கப் போயிருந்தேன். நான் இருந்திருந்தா அந்த வரி அப்படி வந்திருக்காது. கடைசியா அந்தப் பக்கத்தைப் பார்த்து அச்சுக்கு அனுப்பினது யாருன்னு கீழ போய்க் கேளுங்க.”

“கீழ யாரு?”

“நீங்க கழுத்தை நீட்டினவர்தான்.”



“வேண்டாம் சார். இதுல விளையாடாதீங்க.”

“விளையாடுற நேரமா இது? இதுக்கு மாறா எதுவும் போடக் கூடாதுன்னு கம்பெனி வக்கீல் காலையிலேயே நோட்டீஸ் அனுப்பியாச்சு. முதல் பகுதியில கதவு பூட்டியிருந்துச்சுன்னு எழுதிட்டு, ரெண்டாம் பகுதியில அது கதவே இல்ல, சுவர்னு எழுதினா ஊர் சிரிக்கும். ரெண்டாம் பகுதியை முதலாளி நிறுத்தச் சொல்லிட்டார்.”

“திருத்தமாவது போடுங்க. ஒரே ஒரு வரி.”

“அது சுவர்தான்னு காட்ட ஆதாரம் கொண்டுவாங்க. போடுறேன்.”

“போட்டோ இருக்கு சார்!”

“போட்டோவுல என்ன தெரியுது? கைப்பிடியும் பூட்டும் மாட்டின ஒரு கதவுதானே தெரியுது?”

பார்ப்பவர் எவரும் கதவு என்றே நம்பவேண்டும் என்பதற்காக வரையப்பட்ட ஒன்றைப் படம் எடுத்திருக்கிறாள். படமும் அதைக் கதவு என்றே சொல்கிறது.

*

மெய்ப்பறை நிலவறையில் இருந்தது. நாளிதழ் சென்ற ஆண்டு இந்தப் புதிய கட்டடத்துக்குக் குடிவந்தபோது, மற்றவர்கள் சன்னல் இருக்கும் அறைகளுக்குச் சண்டையிட்டார்கள். மெய்ப்பாளர் மட்டும் தாமாகக் கேட்டு நிலவறையின் கடைக்கோடியில், சிவப்பு நிற அவசரக் கதவின் அருகே மேசையைப் போட்டுக்கொண்டார். அதற்கு அவர் கூறிய காரணத்தை அலுவலகமே சொல்லிச் சிரித்தது: “அந்தக் கதவுக்கு மேல எழுதியிருக்கே, இந்தக் கட்டடத்துலேயே பிழையில்லாத வாசகம் அது ஒண்ணுதான். தலை நிமிர்ந்தா கண்ணுக்கு இதமா இருக்கு.”

கதவின் கைப்பிடியில் அவருடைய குடை தொங்கியது.

மனைவியைக் கண்டதும் அவர் எழுந்தேவிட்டார். “வா வா! பார்த்தியா? எத்தனை வருஷப் போராட்டம்! நான் ‘அன்று’ன்னு திருத்துவேன், மேல போனதும் அவர் ‘அல்ல’ன்னு மாத்திடுவார். ஒருமைக்கு ‘அன்று’, பன்மைக்கு ‘அல்ல’. கதவு ஒண்ணுதானே? அப்போ கதவு அன்று. கதவுகள்னாதான் அல்ல. சனிக்கிழமை மனுஷன் ஊர்ல இல்ல. அச்சேறிடுச்சு! அதுவும் வேற யாரோட எழுத்துல? என் பொண்டாட்டியோட கட்டுரையில!”

குழந்தை பரிசு வாங்கிவந்து காட்டுவது போல் அந்த முகம் மலர்ந்திருந்தது.

“நீங்களா?”

“நான்தான்! வேற யாருக்கு இந்த ஊர்ல இது தெரியும்?”

“அந்த வரிக்கு என்ன அர்த்தம்னு நினைச்சீங்க?”

“அர்த்தமா? அது உன் பாடு. அர்த்தம் பார்த்துப் படிச்சா பிழை கண்ணுல படாதும்மா. நான் வரியைக் கடைசிச் சொல்லுல ஆரம்பிச்சுப் பின்னாலேருந்து முன்னால படிக்கிறவன். உனக்குத் தெரியாததா?”

அவள் சொன்னாள். காவலாளியைக் கொண்டுபோனதை, சாவியை, இன்ஸ்பெக்டர் தெருவில் நின்று படித்ததை, சுவரை, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இருந்த மலர்ச்சி இன்னது செய்வது என்று அறியாமல் அங்கேயே உறைந்து, பிறகு மெல்ல மெல்ல உதிர்ந்தது.

அவர் நாற்காலியில் அமர்ந்தார். மேசைமேல் விரலால் அந்த வரியை எழுதிப் பார்த்தார். இம்முறை முன்னாலிருந்து பின்னால்.

“பூட்டியிருந்தது… கதவு… அன்று.” மறுபடி ஒருமுறை எழுதினார். “ஆனா… இலக்கணப்படி சரிதானேம்மா?”

“இலக்கணப்படி சரி. அந்த மனுஷன் இலக்கணப்படி உள்ள இருக்கார்.”

அதற்குமேல் அவர் ஏதும் பேசமாட்டார் என்றுதான் அவள் எண்ணினாள். ஆனால் அவர் தலைநிமிர்ந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

“நான் செஞ்சது தப்பு. ஆனா நீ ஏன் ‘சுவர்’னு ஒரு சொல்லை அங்கேயே எழுதல? ஏழு பேர் செத்த விஷயத்துக்கு எதுக்கும்மா சஸ்பென்ஸ்?”

அது கோபத்தில் கேட்ட கேள்வி அன்று. அதனாலேயே ஆழமாகத் தைத்தது. ஊரில் இருப்பவர் எல்லாருடைய முகத்திரையையும் கிழித்தவள், தன் எழுத்தின் அழகுக்காக ஒரு சொல்லை ஒளித்துவைத்தாள். அவள் ஒளித்துவைத்த இடத்தில் அவர் திருத்தினார். இருவருமாகச் சேர்ந்து ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மெய்ப்பாளர் எழுந்தார். கைப்பிடியிலிருந்து குடையை எடுத்தார்.

“ஆதாரம்தானே கேட்டார்? சுவர் அங்கேதானே இருக்கு? வா, என் கையால தட்டிப் பார்க்கணும்.”

*

சுவர் அங்கே இல்லை.

தையற்கூடத்தின் கருகிய வாசலைத் தாண்டி உள்ளே சென்றவர்கள் பாதிக்கூடத்திலேயே நின்றுவிட்டார்கள். வரிசை வரிசையாகத் தையற்பொறிகள் கரி பிடித்து நின்றன. அவற்றுக்கு அப்பால், பின்சுவரில், பச்சை நிறக் கதவு ஒன்று விரியத் திறந்திருந்தது. அதன் வழியே பின்தெரு தெரிந்தது. மிதிவண்டியில் ஒருவர் கடந்துபோனார். காற்று வீசிற்று.

அந்தக் காற்று அன்றைக்கு வீசியிருந்தால் ஏழு பேர் பிழைத்திருப்பார்கள்.

“வாங்க வாங்க” என்று மேலாளர் எதிர்கொண்டு வந்தார். “அம்மா எழுதின கதவைப் பார்க்க வந்தீங்களா? நேத்துதான் போலீஸ் வந்து திறந்தாங்க. வாட்ச்மேன்கிட்ட ஒரு சாவி. இன்னொண்ணு எங்ககிட்ட இருந்துச்சு.”

தோண்டி விரைந்து சென்று கதவின் நிலையைத் தொட்டாள். விரலில் ஈரம் ஒட்டியது.

“சிமென்ட் இன்னும் காயலியே?”

“மழை பெய்யுதேம்மா.”

“வாசனை வருதே!”

“தீப்பிடிச்ச இடம். ஆயிரம் வாசனை வரும்.” மேலாளரின் புன்னகை மாறவில்லை. “நீங்களே எழுதிட்டீங்க, இங்க கதவு இருந்துச்சு, பூட்டியிருந்துச்சுன்னு. உங்க எழுத்துக்கு ஊர்ல எவ்வளவு மதிப்பு! அதை நீங்களே சந்தேகப்படலாமா?”

இத்தனை ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த நம்பிக்கை முழுவதையும் ஒருவன் எடுத்து, அவள் பொய் என்று அறிந்த ஒன்றுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டான்.

வெளியே தூறல் வலுத்திருந்தது. மெய்ப்பாளர் குடையை விரித்தார். இருவரும் அதன்கீழ் நின்றார்கள்.

“போட்டோவைக் காட்டு” என்றார்.

“எதுக்குங்க? அதுல கதவுதான் தெரியும்.”

“காட்டேன்.”

கைப்பேசியை நீட்டினாள். அவர் படத்தைப் பெரிதாக்கினார். கைப்பிடியைப் பார்க்கவில்லை, பூட்டையும் பார்க்கவில்லை. கதவுக்கு மேலே வெள்ளை எழுத்தில் இருந்த வாசகத்தைப் பார்த்தார். வழக்கப்படி கடைசிச் சொல்லிலிருந்து தொடங்கினார்.

“திறக்கவும்… மட்டும்… காலத்தில்… விபத்துக்…”

நிறுத்தினார்.

“தீ விபத்துக் காலத்தில் மட்டும் திறக்கவும்” என்று இப்போது நேராகப் படித்தார். “இந்த ‘க்’கை யார் போட்டது?”

“எந்த ‘க்’கு? ஏழு பேர் செத்திருக்காங்க, நீங்க ஒற்று எண்ணிக்கிட்டு இருக்கீங்களா?”

“இல்லம்மா. கேளு. ‘விபத்து’க்கு அப்புறம் ‘காலம்’ வந்தா நடுவுல ஒற்று மிகும். இந்த ஊர்ல எந்தப் பெயர்ப்பலகைக்காரனும் அதைப் போடமாட்டான். போடத் தெரியாது, தெரிஞ்சாலும் இடம் போதாதும்பான். ஒருத்தன் தவிர.”

தோண்டி அவரை ஏறிட்டாள். அவர் வேறு எங்கோ பார்த்தார்.

தெருமுனையில் இருந்த ரொட்டிக் கடை இருவர் நினைவுக்கும் ஒருசேர வந்தது. தம்பி அந்தக் கடைக்கு முதன்முதலாக எழுதிய பலகையில் ‘ரொட்டி கடை’ என்று இருந்தது. அந்த ‘க்’ வரும்வரை அத்தான் அந்தக் கடையில் காலடி வைக்க மறுத்துவிட்டார். “அத்தான், உங்க ஒரு ‘க்’குக்கு அரை அடி பலகை கூடுது. அதுக்கு நீங்களா காசு கொடுப்பீங்க?” என்று சிரித்துக்கொண்டே அவன் திருத்தி எழுதினான். அதன்பின் அவன் எழுதிய பலகை எதிலும் ஒற்று தவறியதில்லை. “அத்தான் இந்தப் பக்கம் நடந்துபோயிடுவாரோன்னு பயம்” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வான்.

பலகை எழுதுவதோடு நாடகங்களுக்குத் திரைச்சீலையும் வரைபவன் அவன். அவன் வரைந்த படிக்கட்டில் நடிகன் ஒருவன் ஏறப்போய் முட்டிக்கொண்டதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

“இல்ல” என்றாள் தோண்டி. “அவன் இல்ல.”

மெய்ப்பாளர் கைப்பேசியை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

*

தம்பியின் கொட்டகையில் வண்ண டப்பாக்கள் மூடி திறந்தபடியே காய்ந்து கிடந்தன. பின்சுவரில் சன்னல் வழியே மாலை வெயில் வந்துகொண்டிருந்தது. வெளியே மழையாயிற்றே என்று தோண்டி திடுக்கிட்டு மறுபடி பார்த்தாள். வெயிலும் வரைந்தது, சன்னலும் வரைந்தது.

தம்பி தரையில் அமர்ந்திருந்தான். முகத்தில் ஒரு மாதத் தாடி. அவர்களைக் கண்டதும் எழவில்லை.

“தெரிஞ்சுடுச்சா அக்கா?”

எத்தனையோ கேள்விகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஒன்றுக்கும் தேவை இல்லாமற்போயிற்று.

“ஏன்டா? ஏன்டா இப்படிச் செஞ்சே?”

“கட்டட கான்டிராக்டர் கூப்பிட்டார். வெறும் சுவர் பார்க்க மொட்டையா இருக்கு, நாடகத்துக்கு வரையிற மாதிரி ஒரு கதவு போடுன்னார். அழகுக்குத்தான்னு நினைச்சேன். கைப்பிடியைக் கூட நான் வரைஞ்சுதான் வெச்சேன். நிஜமானதை அப்புறம் அவங்க மாட்டியிருக்காங்க. தீப்பிடிச்ச மறுநாள் போய்ப் பார்த்தேன்.” அவன் குரல் உடைந்தது. “நான் போட்ட பச்சையில கை கையா அச்சு இருந்துச்சு அக்கா. கருப்புக் கை. இவ்வளவு நல்லா வரைஞ்சிருக்கக் கூடாது நான்.”



“நாளைக்குக் கோர்ட்டுல வந்து இதைச் சொல்லணும்” என்றாள் தோண்டி. “அது சுவர்னு நாங்க சொன்னா இனிமே நம்பமாட்டாங்க, வரைஞ்ச நீ சொன்னாத்தான் நம்புவாங்க. இல்லேன்னா எந்தத் தப்பும் செய்யாத வாட்ச்மேன் சாகிறவரைக்கும் வெளிய வரமாட்டார்.”

“சொன்னா என்னைப் பிடிச்சு உள்ள வெப்பாங்களே?”

“வைப்பாங்க.”

“பேப்பர்லயும் எழுதுவியா? என் பேரைப் போட்டு?”

மாமனாரின் முகம் ஒருகணம் அவள் கண்முன் வந்துபோயிற்று. இடுப்பில் சுமந்து வளர்த்த தம்பி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று சொல்லச் சொல்லி ஒவ்வோர் எலும்பும் கெஞ்சியது.

“எழுதுவேன்டா” என்றாள். சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தாள். “முதல் வரியிலேயே எழுதுவேன். இனிமே எதையும் கடைசி வரிக்கு வெச்சுக்கமாட்டேன்.”

தம்பி முகத்தை இரு கைகளாலும் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

“சரி, வர்றேன். ஆனா எழுதுறதுன்னா முழுசா எழுது அக்கா. அந்த ஒரு கதவு மட்டும் இல்ல.”

“என்னது?”

“பார்க்க நல்லா இருந்துச்சுன்னு கான்டிராக்டர் அவர் கட்டின இடத்துக்கெல்லாம் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால இருக்கே பொண்ணுங்க விடுதி, அங்க ஒண்ணு வரைஞ்சேன். புது சினிமாக் கொட்டகையில ஒண்ணு.” அவன் அத்தானைப் பார்த்தான், பார்க்க முடியாமல் தலைகுனிந்தான். “அப்புறம் ஒரு புதுக் கட்டடத்துல, நிலவறையில. யாரு குடிவரப்போறாங்கன்னு அப்போ எனக்குத் தெரியாது அத்தான். தெரிஞ்சப்புறம் சொல்ல வாய் வரல. சிவப்புக் கதவு.”

கொட்டகையின் தகரக் கூரைமேல் மழை கொட்டியது.

மெய்ப்பாளர் தம் கையிலிருந்த குடையைப் பார்த்தார். முதன்முறையாக அதைப் பார்ப்பவர் போல் பார்த்தார்.

“பிழையில்லாத வாசகம்னு சொல்லிச் சொல்லி” என்றார் மெதுவாக, “அதுக்குக் கீழயே மேசையைப் போட்டுக்கிட்டேனே.”

பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தவர் பதறிப்போனார். இரவுப் பதிப்புக்கான ஆட்கள் இந்நேரம் ஒவ்வொருவராக நிலவறைக்குள் இறங்கிக்கொண்டிருப்பார்கள். மழைக்காக மேல்வாசலைச் சாத்திவிட்டிருப்பார்கள்; தீ கீ என்று ஏதாவது நேர்ந்தால் எல்லாரும் அந்தச் சிவப்புக் கதவை நோக்கித்தான் ஓடுவார்கள்.

தோண்டி ஆசிரியரின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது; எவரும் எடுக்கவில்லை.

அதற்குள் மெய்ப்பாளர் தெருவில் இறங்கி ஓடத் தொடங்கியிருந்தார். குடை கொட்டகையிலேயே கிடந்தது.